அந்த அரிசி யாருடையது

சயரோகம் என்ற பெயரைக் கேட்டதும் ஆட்கள் ஓரடி பின்னால் நகர்வார்கள் என்று தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் எனக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தார். நல்ல மனிதர். நான் மனம் நோகக் கூடாது என்றுதான் சொன்னார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஆட்கள் என்னைவிட்டு நகர்ந்து ஏற்கெனவே பல மாதம் ஆகியிருந்தது அவருக்குத் தெரியாது. நோய் வந்த பிறகு அவர்களுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் கிடைத்தது, அவ்வளவுதான்.

இதை எழுதச் சொன்னவள் அஞ்சலை. ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கத்துக் கட்டில்காரி, பத்தாங் காலிப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவள். "நீ வாயால சொன்னா நான் ஒருத்திதான் கேக்குறேன். எழுதி வை. இருமல முந்தானையில அமுக்கிக்கிட்டுத் திரியிறவளுங்க எத்தன பேரு இருக்காளுங்க" என்றாள். எனக்கு எழுத்து பள்ளிக்கூடத்தில் வந்ததல்ல. வேதப் புத்தகத்தில் விரலை வைத்து, நானாகக் கூட்டிக் கூட்டிப் படித்துக்கொண்டது. அதனால் பேசுகிற மாதிரிதான் எழுத வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நோயைச் சொல்வதற்கு முன்னால் அரிசியைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ரப்பர் தோட்டம் கோலசிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. லயத்துக் கடைசியில் சில வேதக்கார வீடுகள், தகரக் கூரையில் சிலுவை நட்ட ஒரு சின்னக் கோயில். எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. சோற்றுக்கு அரிசி அளந்ததும், உலையில் போடும் முன் ஒரு பிடி அள்ளித் தனியே வைப்போம். அது ஆண்டவர் பங்கு. ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தில் கொட்டுவோம். பிள்ளை பெற்றவளுக்கு, காய்ச்சலில் வேலைக்குப் போகாதவனுக்கு, அந்தத் தகரத்திலிருந்து அளந்து கொடுப்பது. கோயில் கதவுக்குப் பூட்டு இல்லை, எலித் தொல்லை வேறு. அதனால் தகரம் எங்கள் வீட்டில்தான் இருக்கும். என் கணவர் மாசிலாமணிதான் கோயிலைக் கூட்டி, விளக்கேற்றி, மணி அடிக்கிறவர்.

வெள்ளைக்காரர் ஆட்சியை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் போய்ச் சண்டை போட, அவசரகாலம் வந்தது. லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். அரிசி ஆளுக்கு இவ்வளவு என்று அளவாயிற்று. காட்டில் இருக்கிறவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, வேலைக்குப் போகும்போது கேட்டில் நிறுத்திப் பெண்களைக்கூடத் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். ஒரு கவளம் சோறு வெளியே போக முடியாது.

அப்போதே என் கணவர் உபதேசியாரிடம் சொன்னார். உபதேசியார் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு ஆராதனை நடத்துகிறவரும் அவர்தான்.

"ஐயா, பிடியரிசிய கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வப்போமா? பாக்குறவன் தப்பா நெனப்பான்."

"அளவு அரிசின்னா ஆண்டவருக்குப் பங்கு இல்லன்னு ஆயிடுமா மாசிலாமணி? கொறையிற நேரத்துலதான் பகிர்ந்துக்கணும்."

நல்ல பேச்சு. இன்றைக்கும் அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன்.

ஒரு நாள் போலீஸ்காரர்கள் லயத்தில் சோதனை போட வந்தார்கள். அந்த மாதம் பார்த்து லயத்தில் யாரும் நோயில் விழவில்லை, யாரும் பிள்ளை பெறவில்லை. தகரம் கழுத்துவரை நிறைந்து நின்றது. ஒரு வீட்டில் இவ்வளவு அரிசியா என்று தகரத்தையும் என் கணவரையும் பெரட்டுக் களத்துக்கு, அதாவது காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு, இழுத்து வந்தார்கள். தோட்டமே அங்கே நிறுத்தப்பட்டிருந்தது. வெள்ளைக்கார அதிகாரி கேட்டதைத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி தமிழில் சொன்னார்: "இது யாரு அரிசி? காட்டுக்குள்ள யாருக்குக் குடுக்க வச்சிருக்க?"

"சபை அரிசிங்க. எல்லாரும் போட்டது. உபதேசியார் ஐயாவக் கேளுங்க."

உபதேசியாரைக் கூப்பிட்டார்கள். அவர் தகரத்தைப் பார்த்தார். ஜென்மத்தில் தகரம் என்ற ஒன்றைப் பார்த்ததே இல்லை என்பதுபோலப் பார்த்தார். பிறகு, "எனக்குத் தெரியாதுங்க" என்றார்.

அதன் பிறகு வேதக்காரர்களை வரிசையாகக் கேட்டார்கள். நீ போட்டாயா, நீ போட்டாயா. தலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆடின. போன ஞாயிற்றுக்கிழமை என் கண் முன்னால் அரிசி கொட்டிய கைகள் எல்லாம் சும்மா தொங்கின. உபதேசியார் மனைவி ஞானம்மா அக்கா முக்காட்டை வாயில் கவ்விக்கொண்டு தரையைப் பார்த்தார். "என் பிடியும் இருக்குங்க" என்று நான் சொன்னேன். பெண்டாட்டி சாட்சி யாருக்கு வேண்டும்? கட்டியிருந்த கைலியோடு அவரை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கோர்ட்டும் இல்லை, வழக்கும் இல்லை. தடுப்பு முகாம். அங்கேயும் கம்பி, இங்கேயும் கம்பி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உபதேசியாரே மணி அடித்தார். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பொய் சொன்னவர்களுக்கு என்னைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். கஷ்டத்தை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

இனி நோய்.

மழைக்காலத்தில் இருமல் பிடித்தது. சாயங்காலமானால் மெல்லிய காய்ச்சல், விடியும்போது பாய் நனைகிற வேர்வை. ரவிக்கை தொளதொளவென்று ஆயிற்று. டிரஸ்ஸர் மண் நிறத்தில் ஒரு மருந்து கலக்கிக் கொடுத்தார். குடித்தேன், இருமினேன். ஒரு நாள் மரத்தில் கோடு கீறிவிட்டுக் குனிந்தபோது இருமல் முட்டிக்கொண்டு வந்தது. கீழே பால் வடியும் மங்கில் வெள்ளைக்கு நடுவே சிவப்பாக ஒரு நூல் ஓடியது. மரத்தைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தேன். முதலில் வந்த நினைப்பு, பால் கெட்டுப்போச்சே, வேலை வாங்கும் மண்டோர் திட்டுவாரே என்பதுதான். என் நெஞ்சைப் பற்றிய பயம் அதன் பிறகுதான் வந்தது.

பட்டணத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நீள பெஞ்சில் அரை நாள். எக்ஸ்ரே என்பது வலிக்காது. சில்லென்ற பலகையில் நெஞ்சை ஒட்டி நிறுத்தி மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள். உள்ளே இருக்கிற எலும்பும் நுரையீரலும் படத்தில் விழும். டாக்டர் என் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடப்பக்கம் மேலே வெள்ளையாகக் கறை, நடுவில் ஒரு பொந்து. சளியைப் பரிசோதித்துக் கிருமி இருக்கிறது என்றார்கள். "சாகுற நோயின்னு நெனக்காதீங்க. இப்ப மருந்து வந்திருக்கு. ஆனா நாளாகும்" என்றார் தமிழ் தெரிந்த மிஸ்ஸி. தாதியை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம்.

மூன்றாம் வகுப்பு வார்டு. பில் வரவில்லை, அந்த ஒரு பயம் எனக்கு இல்லை. தினமும் இடுப்புக்குக் கீழே ஒரு ஊசி. அது கிருமியைக் கொல்லும், ஆனால் சிலருக்குக் காதையும் சேர்த்துத் தின்னும் என்று சொல்லித்தான் போட்டார்கள். கூடவே கைநிறைய மாத்திரை. விழுங்கினால் குமட்டும், வாந்தி எடுத்தால் திரும்பவும் கொடுப்பார்கள். மீதி மருந்து படுத்துக் கிடப்பது. உட்காரக்கூட விட மாட்டார்கள். விவரம் தெரிந்த நாளிலிருந்து மரத்துக்கு மரம் ஓடிய காலை நீட்டிக்கொண்டு கூரையைப் பார்ப்பது இருக்கிறதே, அது ஊசியைவிடக் கொடுமை. அஞ்சலை சொல்வாள்: "நம்மளப் படுக்க வைக்க நோய்தான் வரணும்போல. துரை ஒரு நாளு சொல்லியிருப்பானா, போயிப் படுடீன்னு?"

என் கணவரின் தங்கை செல்லம் என் பிள்ளைகள் இருவரையும் பார்த்துக்கொண்டாள். லோரி கிடைக்கிற வாரம் வருவாள். கேட்டில் சோதனை, ஒரு இட்லிகூட வெளியே கொண்டுவர முடியாது.

"கையில ஒண்ணும் கொண்டார விடல அண்ணி. அதான் கையையே கொண்டாந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, கட்டிலின் தலைமாட்டில் நின்று என் தலையைப் பிரித்து, எண்ணெய் இல்லாத முடியைச் சிக்கெடுத்து, பேன் பார்த்து, இறுக்கப் பின்னி விடுவாள். சயரோகக்காரியின் தலைக்கு இவ்வளவு பக்கத்தில் மூச்சு விடாதே என்று மிஸ்ஸி அதட்டினால், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு பின்னுவாள். அந்த நாட்களில் என்னைப் பயமில்லாமல் தொட்ட கை அது ஒன்றுதான்.

சபையும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உபதேசியார், ஞானம்மா அக்கா, இன்னும் சிலர். கால்மாட்டில் தள்ளி நின்று ஒரு பாட்டுப் பாடினார்கள். பாடி முடித்ததும் உபதேசியார் சொன்னார்:

"மனசுல கசப்ப வச்சுக்கிட்டுப் படுத்திருந்தா மருந்து வேலை செய்யாதும்மா. எல்லாரையும் மன்னிச்சிடு. நெஞ்சு தானா ஆறிடும்."

"யாரங்கய்யா மன்னிக்கணும்?"

"பொதுவாத்தான் சொல்றேன்."

"பொதுவா எனக்கு யாரும் ஒண்ணும் பண்ணலைங்களே."

மற்றவர்கள் பாட்டுப் புத்தகத்தை மூடிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஞானம்மா அக்கா மட்டும் என்னை ஒரு தரம் நேராகப் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டார். அவர்கள் போன பிறகு அஞ்சலை போர்வைக்குள்ளிருந்து சொன்னாள்: "உன் புருசன உள்ள வச்சிட்டு, உன் நெஞ்சுல ஓட்டை விழுந்ததுக்கும் நீதான் காரணம்ங்குறாரு. நல்ல சாமிதான் உங்க சாமி."

எங்கள் சாமி அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இருமல் வந்துவிட்டது.

பொந்து மூடவில்லை. டாக்டர் காற்று ஊசி போட முடிவு செய்தார். அது என்னவென்றால், விலா எலும்புகளுக்கு நடுவே நீள ஊசியைக் குத்தி, நுரையீரலுக்கு வெளியே காற்றை ஏற்றுவார்கள். காற்று அழுத்த அழுத்த, புண்ணுள்ள நுரையீரல் சுருங்கி வேலை செய்யாமல் ஓய்வெடுக்கும். ஒடிந்த கைக்குக் கட்டுப் போட்டு அசையாமல் வைப்பதுபோலத்தான். கேட்கச் சுலபமாக இருக்கிறது. எனக்கோ அன்று இரவெல்லாம் பிள்ளைகள் முகமே கண்ணுக்குள் நின்றது.

ஊசிக்கு முந்தின நாள் உபதேசியார் தனியாக வந்தார். ஸ்டூலை என் இடப்பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குனிந்து ஏதோ சொன்னார். அந்தக் காதில் அதற்குள் இரைச்சல் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

"என்னங்கய்யா? ஊசி இந்தக் காதத் தின்னுடுச்சு. சத்தமாச் சொல்லுங்க."

"மெதுவாத்தாம்மா சொல்லணும்."

"மெதுவாச் சொன்னா கேக்காதுங்க."

வலக் காதைத் திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை.

அவர் வரிசையாக இருந்த கட்டில்களைப் பார்த்தார். குரலை ஏற்றினார். "அது பிடியரிசின்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் தெரியாதுன்னு சொன்னேன்."

கட்டில்களில் தலைகள் எங்கள் பக்கம் திரும்பின.

"ஊசியில ஏதாவது ஒண்ணு ஆயிட்டா, அப்புறம் நான் யாருகிட்டப் போயிக் கேக்குறது? திருவிருந்து வேற வருது. உங்கிட்ட சமாதானம் இல்லாம அந்தப் பாத்திரத்த எப்படித் தொடுவேன்? மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா."

"அதிகாரிகிட்ட எப்பங்க சொல்லப் போறீங்க?"

அவர் வேட்டி நுனியைத் திருகினார். "பள்ளிக்கூடம் போயிடும்மா. என்னையும் ஏத்திக்கிட்டுப் போயிடுவாங்க. எனக்கும் புள்ளைங்க இருக்கு."

"அவருக்கும் இருக்குங்க."

 பக்கத்துக் கட்டிலிலிருந்து அஞ்சலை சொன்னாள்: "வாத்தியாரே, எங்க எல்லாருக்கும் நல்லாக் கேட்டுச்சுலா. கேக்க வேண்டிய ஆளுக்குத்தான் இன்னும் கேக்கல."

நான் சொன்னேன்: "நீங்க பயந்ததுக்கு எனக்குக் கோவம் இல்லைங்கய்யா. துப்பாக்கிக்கு முன்னால யாரா இருந்தாலும் நாக்கு ஒட்டிக்கும். அத என்னிக்கோ மன்னிச்சிட்டேன். துப்பாக்கி போயி மாசக்கணக்கா ஆச்சு, நீங்க சொன்னது மட்டும் இன்னும் அங்கயே நிக்குது. அதுக்குள்ளதான் அவர அடைச்சு வச்சிருக்காங்க. அதப் போயி எடுத்துட்டு வாங்க. நானே வந்து உங்க கையப் பிடிக்கிறேன்."

அவர் எழுந்து கண்ணை மூடி எனக்காக ஜெபம் செய்தார். இந்த முறை நன்றாகக் கேட்கிற மாதிரி சத்தமாகச் செய்தார்.

காற்று ஊசி வலித்தது. தோளில் யாரோ ஆணி அடிப்பதுபோல. ஆனால் பொந்து மெல்ல மூடிக்கொண்டது. வாரா வாரம் காற்றை நிரப்பினார்கள். குமட்டல் பழகிவிட்டது. கடைசியில் சளியில் கிருமி இல்லை என்று மிஸ்ஸி வந்து சொன்னார். "இனிமே உங்களால யாருக்கும் ஒட்டாது. ஒரே தம்ளர்ல தண்ணி குடிக்கலாம்" என்றார். அஞ்சலை இன்னும் படுத்திருக்கிறாள். கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "நீ மூச்சுவிட்டா எனக்கும் விட்ட மாதிரி. போ" என்றாள்.

தள்ளிப்போய்க்கொண்டே இருந்த திருவிருந்து, அதாவது ஆண்டவர் நினைவாக அப்பமும் திராட்சரசமும் எடுக்கும் ஆராதனை, நான் லயத்துக்குத் திரும்பிய பிறகுதான் வந்தது. அதை நடத்தும் குருவானவர் பட்டணத்திலிருந்து எப்போதாவதுதான் வர முடியும். ரோட்டில் சுடுவார்கள் என்ற பயம். திருவிருந்துக்கு முந்தின நாள் ஆயத்த ஆராதனை வைப்பது எங்கள் வழக்கம். சண்டை சச்சரவு உள்ளவர்கள் அன்றைக்கே எழுந்து சமாதானமானால்தான் பந்திக்கு வரலாம். குருவானவர் வெளிப்படையாகவே கேட்பார்.

நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்தப் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. கிருமி இல்லை என்ற செய்தி லயம்வரை வந்து சேரவில்லைபோல.

குருவானவர் கேட்டார். உபதேசியார் எழுந்தார்.

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஒரு சின்ன மனஸ்தாபம் இருந்துச்சு. சகோதரி ரெபேக்காளும் நானும் ஆஸ்பத்திரியிலயே ஒப்புரவாயிட்டோம்."

"ஸ்தோத்திரம்" என்று நாலைந்து குரல்கள் சொன்னன. குருவானவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "சந்தோஷம்மா."

எழுந்து நிற்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "இல்லைங்கய்யா" என்றேன். "ஐயா எங்கிட்ட உண்மையச் சொன்னாரு. சொல்ல வேண்டிய எடத்துல சொல்லல. எங்க வீட்டுக்காரரு இன்னும் முகாம்லதான் இருக்காரு." பிறகு தகரத்தின் கதையை அவரிடம் முழுக்கச் சொன்னேன்.

"இது உண்மையா?" என்று குருவானவர் சபையைக் கேட்டார்.

தலைகள் குனிந்தன. பெரட்டுக் களத்தில் பார்த்த அதே உச்சந்தலைகள். ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர், "முடிஞ்சுபோனதக் கோயிலுக்குள்ள எதுக்குக் கிளறணும்?" என்றார்.

"முடியலண்ணே. அவருக்கு இன்னும் முடியல."

அப்போது முன் பெஞ்சிலிருந்து ஞானம்மா அக்கா எழுந்தார். "என் பிடியும் அதுல இருந்துச்சுங்கய்யா. இவரு பாக்கப் பாக்கத்தான் அள்ளி வச்சேன்."

உபதேசியார் திரும்பினார். "ஞானம், உக்காரு."

"இத்தன மாசமா உக்காந்துதாங்க இருந்தேன்" என்றார் அக்கா. உட்காராமல் நடந்து வந்தார். என் பெஞ்சருகே நின்று, "எந்தக் காதுடி உனக்குக் கேக்கும்?" என்றார். வலக் காதைத் தொட்டுக் காட்டினேன். அந்தப் பக்கமாக வந்து, என் தோளில் தோள் இடிக்க உட்கார்ந்தார்.

வேறு யாரும் எழவில்லை. அவரவர் தங்களைச் சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று குருவானவர் முடித்துவிட்டார். மறுநாள் திருவிருந்து நடந்தது. பாத்திரத்தை ஏந்திப் பக்கத்தில் நின்றவர் உபதேசியார்தான். எல்லாரும் போய்க் குடித்துவிட்டு வந்தார்கள். நாங்கள் இருவரும் பெஞ்சிலேயே இருந்தோம். ஆஸ்பத்திரியில் எத்தனையோ கசப்பை விழுங்கியிருக்கிறேன். அந்த ஒரு மடக்கு எனக்கு இறங்காது என்று தெரிந்தது.

பட்டணத்துக்குத் திரும்பும் வழியில் குருவானவரே எங்களைத் தன் காரில் போலீஸ் நிலையத்துக்கு அழைத்துப் போனார். அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். எவ்வளவு அரிசி போட்டாய் என்று அதிகாரி அக்காவைக் கேட்டார். அக்காவுக்கு அளவு சொல்லத் தெரியவில்லை. கையை மூடி மேசைமேல் வைத்துக் காட்டினார். "இவ்வளவுங்க. ஒவ்வொரு ஒலைக்கும்."

அதிகாரி அந்தக் கையைப் பார்த்தார். கூட இருந்தவர் தமிழில் சொன்னார்: "ஒரு கை அரிசியில அந்தத் தகரம் ரொம்பாதேங்குறாரு. மத்தவங்க எங்க?"

"எங்க தோட்டத்துலதான் இருக்காங்க. வந்து கேக்கச் சொல்லுங்க" என்றார் அக்கா.

எழுதிக்கொண்டார்கள். பார்க்கலாம் என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இருமலை மறைத்து வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: படம் எடுத்துப் பாருங்கள், ஊசிக்குப் பயப்படாதீர்கள், குமட்டினாலும் மாத்திரையை விழுங்குங்கள். ஆட்கள் நகர்வார்கள். எல்லாரும் நகர மாட்டார்கள்.

சாயங்காலம் வாசற்படியில் பலகை போட்டு உட்காருகிறேன். வீட்டில் புருஷன் பேச்சை நிறுத்திவிட்டதால் ஞானம்மா அக்காவும் வந்து உட்காருகிறார். நான் உட்காரும் இடத்துக்குக் கோயில் இடப்பக்கம். உபதேசியார் மணி அடித்து ஜெபம் நடத்துகிறார் என்று அக்கா சொல்லித்தான் தெரிகிறது. கேட் வலப்பக்கம். என் வீட்டுக்காரரோடு லோரி வந்து நின்றால் எனக்குத்தான் முதலில் கேட்கும்.